இடது பின்னங்கால் நீங்கலாக

தரையில் மூன்று திட்டங்கள்.
அலுவலகத் தாளில், அலுவலக மையில்
அச்சடித்துக்கொண்டு வந்தேன்;
இருபத்தோரு வருட வேலைக்கு
நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட போனஸ்.

சுவா சூ காங், பதினான்காம் மாடி.
மின்விசிறி தாள்களைப் புரட்டப் பார்க்கிறது.
ஒன்றின்மேல் சம்பால் போத்தலை வைத்தேன்,
இன்னொன்றின்மேல் கைப்பேசியை.
மூன்றாவதின்மேல் கச்சாங்
தன் தாடையை வைத்துக்கொண்டான்.

முதலாவது மலிவு. மாதம் பதினெட்டு வெள்ளி.
நூறு வெள்ளி செலவானால் முப்பது என் கையிலிருந்து,
அதுவும் மருத்துவமனையில் படுத்தால்தான்.
காட்டிவிட்டு வீடு திரும்பினால்
ஒரு காசும் இல்லை.

இரண்டாவதில் அறுவைச் சிகிச்சைக்கு ஐயாயிரம்.
யாரையாவது கடித்துவைத்தால் அதற்கும் ஒரு தொகை.
கச்சாங் யாரைக் கடிப்பான்?
எதிர்வீட்டு ரொஹானா துடைப்பத்தோடு வந்தாலே
கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறவன்.
பயத்துக்குக் காப்புறுதி
எந்தத் திட்டத்திலும் இல்லை.
பின்னிணைப்பு வரை தேடிவிட்டேன்.

மூன்றாவது எல்லாவற்றையும் தருகிறது:
புற்றுநோய், பல் பிடுங்கல், அக்குபங்சர்கூட.
சேரும்போது ஒன்பது வயது
நிறைந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

லிம் சூ காங்கில்
கோழிப்பண்ணைக்குப் பின்னால் கிடந்த
சிமெண்ட் குழாய்க்குள் இவனைப் பிடித்தார்கள்.
பிறந்த தேதியை யார் குறித்துவைத்தது?
டாக்டர் ஹுவி ஷான் உதட்டைத் தூக்கிப்
பல்லைப் பார்த்தார்.
"எட்டு. பத்தாகவும் இருக்கலாம்."
பேனா தாளுக்கு மேலேயே நின்றது.
"என்ன எழுதட்டும்?"
"பல் சொன்னதை" என்றேன்.
'ஏறத்தாழ எட்டு' என்று எழுதினார்.
விண்ணப்பத்தில் தேதிக்கு, மாதத்துக்கு, வருடத்துக்குக்
கட்டம் இருந்தது.
ஏறத்தாழவுக்கு இல்லை.

அடுத்த கேள்வி:
செல்லப்பிராணிக்கு ஏற்கெனவே ஏதேனும் குறை உண்டா?

மழைக்கு முந்தின மணி நேரத்தில்
இடது பின்னங்காலை ஊன்ற மாட்டான்.
மூன்று காலில் சமையலறைவரை போவான், வருவான்.
அதைப் பார்த்துத்தான் நான் துணி எடுப்பேன்.
"இல்லைன்னு போடு" என்றாள் மரியஜோதி,
பான்ட்ரியில் கோப்பையைக் கழுவிக்கொண்டே.
"நாய் பேசவா போகுது?"
நாய் பேசாது, எக்ஸ்ரே பேசும்.
அதற்காக மட்டுமா ஆம் போட்டேன்?
தெரியவில்லை.
பொய்க்கான கட்டம் சின்னதாக இருந்தது,
என் கண்ணாடியும் பழசு.

மூன்றாவது நிறுவனம் இரண்டே நாளில் எழுதியது:
வயது உறுதியில்லை, வருந்துகிறோம்.
இரண்டாவது பதினோரு நாள் எடுத்துக்கொண்டு
ஏற்றுக்கொண்டது,
இடது பின்னங்கால் நீங்கலாக.

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
ஆறு வருடத்துக்கு முன் எனக்கும் ஒரு கடிதம் வந்தது,
இதே மரியாதையான தமிழில், கீழே ஆங்கிலத்தில்:
இடது மார்பகம் நீங்கலாக.
ரயிலில் நின்றபடி படித்தேன்.
இயோ சூ காங்கில் இறங்க வேண்டியவள்
காத்திப்வரை போய்விட்டேன்.
என் நுரையீரல், என் முட்டி, என் பெருவிரல்
எல்லாம் அவர்கள் பொறுப்பில்.
அந்த ஓர் இடம் மட்டும்
என் சொந்தப் பொறுப்பு.

சந்தா முப்பத்து நான்கு வெள்ளி, மாதம் ஐந்தாம் தேதி.
காலுக்கென்று தனியாக இருபது,
மைலோ டின்னில்.
யாரும் கேட்டால் சில்லறை என்பேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினோம்.
மழை வருவதாக இருந்தது; லிஃப்டிலேயே நொண்டினான்.
கார்நிறுத்தத்துக்குப் போகும் வழியில்
முதல் தூணருகே நின்று முகர்ந்து, யோசித்து,
யாருடைய காப்பிலும் இல்லாத அந்தக் காலையே
உயரத் தூக்கினான்.

நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன்.